குண்டூசி வைத்த கோட்டு

என் அப்பா தைத்த கோட்டில் ஒரு சுருக்கம்கூடப் பார்க்க முடியாது, சார். அளவு பிசகாத தையல்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

என்னை அவர் வாலு என்றுதான் கூப்பிடுவார். ஓரிடத்தில் நிற்க மாட்டேன். "உன் வால ஒட்ட நறுக்கினாத்தான் நீ சரிப்படுவ" என்பார். கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். கடையை மூடியதும் என் சட்டை முழுக்கக் குண்டூசி குத்தி, முனைகளை உள்பக்கம் திருப்பி, துணி வெட்டும் மேசைமேல் ஏற்றிவிடுவார். "அசையாம இருந்தா ஒண்ணும் பண்ணாது. அசைஞ்சா அது உன் தப்பு." அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகப் பொத்தான் தைப்பார். மூச்சை இழுத்தால்கூடக் குத்தும். அம்மா உள்ளே பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருப்பாள்.

வளர்ந்து புகைப்படக்காரி ஆனேன். எங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் ஆட்களை வைத்து மறுபடி நடிக்கச் செய்து எடுத்தேன். முட்டி போட்ட பையன், பூட்டிய குளியலறை, மேசைமேல் நிற்கும் சிறுமி. அந்தச் சிறுமிக்கு நிஜ ஊசி வைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

கண்காட்சிக்கு அப்பாவை அழைத்தேன். "நான்தான் பண்ணினேன், தப்புதான்" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தது. அவர் மேசைப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் நடக்கவே இல்ல. நடந்திருந்தாலும் உன் நல்லதுக்குத்தான். அடிக்கிற கைதாம்மா அணைக்கும்."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. பிறகு அது அணையவே இல்லை.

அண்ணனிடம் சொல்லிப் புலம்பினேன். "செத்த பாம்ப எதுக்கு அடிக்கிற? கை காலெல்லாம் நடுங்குது அவருக்கு. ஒரு டம்ளர் தண்ணியச் சிந்தாம குடிக்க முடியல" என்றான். நடுக்கம் என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. அதற்கு அவனைப் பிடிக்காதீர்கள்.

அவர் தைத்த கோட்டையே போட்டு ஒரு படம் எடுக்கலாம் என்று கூப்பிட்டேன். ஆசையாக, தலையைப் படிய வாரிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். மேசைமேல் ஏறக் கை கொடுத்தேன். உடம்பு இளைத்ததில் கோட்டு தொளதொளவென்று தொங்கியது. "கொஞ்சம் புடிச்சு விடறேன்ப்பா" என்று முதுகிலிருந்து இடுப்புவரை குண்டூசி குத்தினேன். முனைகள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

"அசையாதீங்கப்பா" என்றேன்.

நடுக்க நோய்க்காரர் எப்படி அசையாமல் நிற்பார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மாத்திரை தள்ளிப்போனால் நடுக்கம் கூடும் என்பதும் எனக்குத் தெரியும். மாத்திரை என் பையில்தான் இருந்தது. குத்தக் குத்த நடுங்கினார், நடுங்க நடுங்கக் குத்தியது. இறங்கப் பார்த்தார், பிடிக்க ஆளில்லாமல் அவரால் இறங்க முடியாது. கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறார், ஊசி என்று எழுதவில்லை.

பழி வாங்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவரைப் போல நான் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

சொன்னார், சார். இரண்டாவது படத்திலேயே சொன்னார். "நான்தாம்மா பண்ணினேன். தப்புதான். இறக்கி விடும்மா" என்று அழுதார். பேசியதில் வாய் அசைந்து படம் கலங்கிவிட்டது. அதனால் அவர் கண்ணைத் துடைத்து, கோட்டை இறுக்கி இழுத்துச் சரிசெய்து, மறுபடி முதலிலிருந்து நிற்கச் சொன்னேன்.