அழகனேந்தல் கபடி அரங்க வரிக்கு எதிரான மனுக்கள் நகராட்சிக்குப் போய்ச் சேராதது குறித்து

என் பெயர் நாகவள்ளி. வயது நாற்பத்து நான்கு. கணவர் பெயர் கல்யாணசுந்தரம். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம் அழகனேந்தல், பிள்ளையார் கோவில் தெரு. இப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் அஜ்மானில் கணவருடனும் மகள் அனன்யாவுடனும் வாடகை வீட்டில் வசிக்கிறேன். என் கணவர் தினமும் துபாய் ஜெபல் அலிக்குப் போய் ஒரு சரக்குக் கிடங்கில் ஸ்டோர்ஸ் மேலாளராக வேலை பார்த்து வருகிறார். நான் வேலைக்குப் போகவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணக்கு வைப்பதும் மனு எழுதுவதும் நானாகப் பழகியவை.

அழகனேந்தல் நகரக் காவல் ஆய்வாளர் அவர்களிடம் நானே தொலைபேசியில் பேசினேன். நடந்ததை வரிசையாக எழுதி, இங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார். அதன்படி என் கையால் எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. என் கணவர் வேறு மாதிரி எழுதச் சொன்னார். அதையும் அதன் இடத்தில் எழுதியிருக்கிறேன்.

இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் உடையப்பன் எனக்கு உறவுக்காரர் அல்ல. எங்கள் ஊர்க்காரர். ஜெபல் அலியில் கன்டெய்னரில் இருந்து சரக்கு இறக்கும் வேலை செய்து அங்குள்ள தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தவர். அதே கேம்ப்பில் எங்கள் ஊர் ஆட்கள் இன்னும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஊர் அம்மன் கோவில் திருவிழாவுக்கு இங்குள்ளவர்களிடம் தலைக்கட்டு வரி வாங்கி ஊருக்கு அனுப்புவது பல வருடங்களாக என் பொறுப்பு. அந்த வரியைக் கொடுக்க ஒருவரும் முகம் சுளித்ததில்லை. நான் ரசீது எழுதிக் கொடுத்தால் படித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். என்னை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

சென்ற வருடம் எங்கள் ஊர் நகராட்சி, பைபாஸ் ஓரத்தில் கபடி விளையாட்டரங்கம் ஒன்று கட்டத் தீர்மானம் போட்டது. அதில் ஆடப்போகும் அணி சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் ஒரு தனியார் கம்பெனியுடையது. ஆனால் கட்டுகிற செலவு நகராட்சியுடையது. அதற்காகச் சொத்து வரியோடு சேர்த்து அரங்க மேம்பாட்டு வரி என்று ஒன்றைப் பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் போடுவதாக அறிவித்தார்கள். கட்டாத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. ஆட்சேபனை உள்ள வீட்டுக்காரர்கள் முப்பது நாட்களுக்குள் கையெழுத்துப் போட்ட அசல் மனுவை அனுப்ப வேண்டும், கைப்பேசியில் அனுப்பினால் செல்லாது என்றும், ஒரு வார்டில் போதுமான ஆட்சேபனை வந்தால் பொதுக்கூட்டம் வைத்துக் கேட்காமல் அந்த வார்டில் வரி போட முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள். எங்கள் வார்டில் பாதி வீட்டுக்காரர்கள் வளைகுடாவில் இருப்பதால் இங்கிருந்து போகிற மனுக்களை வைத்துத்தான் அந்தக் கணக்கு நிறையும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் காரில் கேம்ப்புக்குப் போனோம். பெண்கள் உள்ளே போகக் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே மளிகைக் கடைப் பக்கம் காரை நிறுத்தி, நான் எழுதிக்கொண்டு போன மனுக்களில் ஒவ்வொருவராக வந்து கார் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பானட் சூடாக இருந்ததால் உடையப்பன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் விரித்தார். விரித்துவிட்டு என்னிடம், "அக்கா, விளையாட்டு வேணாம்னு எழுதிறாதீங்க. நானும் கபடில ரைடு போனவன்தான். வரி வேணாம்னு மட்டும் எழுதுங்க" என்றார். அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற சதீஷ்குமார் என்பவர், "அண்ணே, அரங்கத்துக்கு உன் பேரத்தான் வைக்கப் போறாங்களாம், நீயே வேணாங்குற?" என்று கேலி செய்தார். அதற்கு உடையப்பன், "உள்ள போக டிக்கெட் நான் எடுக்கணும். கட்டுறதுக்குக் காசும் நான் குடுக்கணும். அப்ப ஆட்டத்தையும் நானே ஆடிர்றேன், அந்தக் கம்பெனிக்காரன் வந்து கைதட்டட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேம்ப் காவலாளி அஹ்சன் என்பவர் கூட்டம் சேர்ந்துவிட்டதைப் பார்த்து, "பாபி, கலாஸ், ஜல்தி ஜல்தி" என்று, போதும் சீக்கிரம் போங்கள் என்று விரட்டிய பிறகு கிளம்பினோம்.

உடையப்பனின் வீடு அரங்கத்துக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. பதினோரு வருடம் இங்கே வேலை பார்த்துக் கட்டியது. முன்பக்கம் மட்டும் பூசியிருப்பார்கள். அதில் அவர் மனைவி தாமரையும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எங்களுக்கும் அரங்க இடத்தை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. வாங்கிய நாளில் இருந்து கருவேல முள் மட்டும் வளர்ந்த இடம். அரங்கம் வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும் தரகர் கேட்காமலே போன் செய்து நாங்கள் கனவில்கூட நினைக்காத விலையைச் சொன்னார். அனன்யாவுக்கு மருத்துவப் படிப்பு. மனையை விற்று அவளைச் சேர்த்துவிடலாம் என்று என் கணவர் கேம்ப்பில் இருந்து திரும்பிய அன்று இரவு சாப்பிடும்போது சொன்னார். வரி நின்றால் அரங்கமும் வராது, மனைக்கு அந்த விலையும் வராது. மனுக்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அனுப்பாதே என்று அவரோ தரகரோ நகராட்சிக்காரர்களோ வேறு யாருமோ என்னிடம் சொல்லவில்லை. இதை ஆய்வாளர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இதே பதிலைச் சொன்னேன்.

மறுநாள் மனுக்களை ஒரு உறையில் போட்டு ஒட்டி, கூரியருக்குக் கொண்டு போகும் முன் பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அனுப்புவதா வேண்டாமா என்று அம்மனிடம் பூக் கேட்கலாம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் கல்யாணம், கிணறு என்று எதற்கும் கேட்பது வழக்கம்தான். அனுப்பலாம் என்பதற்குச் சிவப்பு ரோஜா இதழையும் வேண்டாம் என்பதற்கு மல்லிகையையும் வெள்ளைத் தாளில் தனித்தனியாக மடித்துப் போட்டு, அனன்யாவை எடுக்கச் சொன்னேன். ரோஜா வந்தது. மடிப்பு சரியில்லை என்று சொல்லி மறுபடி மடித்துப் போட்டேன். அனன்யா, "மம்மி, ஆல்ரெடி ஆன்சர் வந்தாச்சுல்ல? வொய் அகெய்ன்?" என்று கேட்டாள். எடு என்றேன். ரோஜா வந்தது. அவளைப் போய்ப் படிக்கச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவை நானே மடித்து நானே எடுத்தேன். மல்லிகை வந்தது. மல்லிகை காம்போடு இருந்ததால் அந்தப் பொட்டலம் கொஞ்சம் தடித்திருந்தது. அது என் விரலுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் எடுத்தேன். சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு உறையை அலமாரிக்கு அடித்தட்டில் வைத்தேன்.

அதன் பிறகு முப்பது நாள் கெடு முடிந்தது. எங்கள் வார்டில் போதுமான ஆட்சேபனை வரவில்லை என்று வரியை உறுதி செய்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்க்கரைப் பொங்கல் செய்து கேம்ப்புக்குக் கொண்டு போனேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. கோவில் பிரசாதம் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டார்கள். உடையப்பன் மட்டும், நம்ம மனு என்னக்கா ஆச்சு என்று கேட்டார். கூரியரில் போட்டுவிட்டேன், ஊரில் என்ன செய்தார்களோ என்று சொன்னேன். "ரசீது இருக்காக்கா?" என்றார். பத்திரமா இருக்கு தம்பி என்றேன். "உங்ககிட்ட இருந்தா எங்கிட்ட இருக்க மாதிரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கை பொங்கல் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று மாதம் கழித்து உடையப்பன் கம்பெனியில் இரண்டு மாத லீவு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். போனபோது, வரி கட்டாததால் அவர் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டித்திருந்ததாகவும் தாமரை பக்கத்து வீட்டில் குடத்தில் எடுத்துக்கொண்டிருந்ததாகவும் பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தபால் பிரிவு எழுத்தர் பாஸ்கர் என்பவரிடம் தன் மனுவைக் கேட்டிருக்கிறார். பாஸ்கர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு இல்லை என்கிறாயா என்று உடையப்பன் கேட்க, துபாயில் இருந்து காற்றிலா வந்தது என்று பாஸ்கர் கேட்க, உடையப்பன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பாஸ்கர் மேசையோடு விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. இவை நான் நேரில் பார்த்தவை அல்ல, ஆய்வாளரும் உடையப்பனும் சொல்லித் தெரிந்தவை. பாஸ்கர் மனு வரவில்லை என்று சொன்னது உண்மை. அது வரவில்லை என்பது எனக்கு நேரில் தெரிந்தது.

அரசு ஊழியரைத் தாக்கியதாக உடையப்பன் கைதாகி, பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைத்து ஜாமீனில் வந்த பிறகு எனக்கு போன் செய்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, மனுவே போடாம கதை கட்டுறேங்கறாங்க. யாரு அனுப்புனான்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க. நானே கூரியர்ல போட்டேன்னு சொல்லிட்டேன். பொம்பளையாளு, உங்களை எதுக்கு ஸ்டேஷன் கோர்ட்டுன்னு இழுக்கணும்? அந்த ரசீதை மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பிருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

தேடிப் பார்க்கிறேன் தம்பி என்று சொல்லி போனை வைத்தேன். அப்போது வீட்டில் யாரும் இல்லை. இல்லாத ரசீதை நான் துணி அலமாரியில் தேடினேன். துணிகளை எல்லாம் எடுத்து வெளியே போட்டுத் தேடினேன். பிறகு அவற்றை மடித்து உள்ளே வைத்தேன்.

அதன் பிறகு அவர் இரண்டு முறை கேட்டார். இன்னும் தேடுகிறேன் என்றேன். நான்காவது முறை போன் செய்யாமல் குரல் செய்தி அனுப்பினார். "கெடைக்கலைன்னா விடுங்கக்கா. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. என் நேரம்." இவ்வளவுதான் அதில் இருந்தது. அன்று அம்மனுக்கு விளக்கேற்றப் போனேன், ஏற்றவில்லை. என் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அதன் பிறகு, "மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துரு. அனுப்பணும்னு எடுத்து வச்சேன், மறந்துபோச்சு. மறதிக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க. அவனும் கேஸ்ல இருந்து வெளிய வந்துருவான்" என்றார். மறக்கவில்லையே என்றேன். "உண்மையச் சொல்லிட்டு இந்த ஊர்க்காரங்க மூஞ்சில எப்படி முழிப்ப? நான் எப்படி அந்த கேம்ப் பக்கம் காரை ஓட்டுவேன்?" என்றார். ஆனால் மறந்துவிட்டேன் என்று எழுதினால் உடையப்பன் அதையும் நம்பி, பரவாயில்லைக்கா என்று சொல்லிவிடுவார். அதை என்னால் இன்னொரு முறை கேட்க முடியாது. அதனால் அப்படி எழுதவில்லை.

மனுக்கள் அன்று கையெழுத்தானபடியே என்னிடம் இருக்கின்றன. ஒட்டிய உறையைப் பிரிக்காமல் இத்துடன் வைத்து அனுப்புகிறேன். உடையப்பன் மனுப் போட்டதாகச் சொன்னது கட்டுக்கதை அல்ல. தானே கூரியரில் அனுப்பியதாக அவர் காவல் நிலையத்தில் சொன்னது மட்டும் பொய். அது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அதை அவர் கணக்கில் எழுத வேண்டாம் என்று கனம் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்கரின் கை முறிந்ததற்கும் முதல் காரணம் நான்தான். உடையப்பன் இந்த மாதக் கடைசிக்குள் வேலையில் சேராவிட்டால் கம்பெனி அவர் விசாவை ரத்து செய்துவிடும். அதற்கு முன்னால் அவர் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொடுக்க வழி உண்டா என்று பார்க்கும்படியும், என் மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கும்படியும் வேண்டுகிறேன்.

இதை எழுத உட்காரும் முன், நீதிமன்றத்தில் வாசிக்கும்போது முதல் தடவையாகக் கேட்க வேண்டாம் என்று தாமரைக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பூக் கேட்டதையும் சொன்னேன். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில், "லீவை ஒரு மாசம் நீட்டிக் குடுப்பாங்களான்னு அவுக கம்பெனில விசாரிச்சுச் சொல்ல முடியுமா, மேடம்?" என்று கேட்டாள். அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள்.

இதில் நேரில் தெரிந்ததையும் கேட்டுத் தெரிந்ததையும் பிரித்து எழுதியிருக்கிறேன். மற்றபடி, 'எனக்குத் தெரிந்தவரையில் உண்மை' என்று வழக்கமாகப் போடும் வாசகத்தை விட்டுவிட்டேன், ஏனென்றால் செய்தவள் நான், இதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எழுதிய பிறகு ஒரு முறை முழுதாக வாசித்துப் பார்த்தேன். மாற்ற ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)
க. நாகவள்ளி
அஜ்மான்