சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கப்பட்ட மாணவன் எகோசா குறித்து ஆலோசகர் இடோஹான் அகெடோ கூறியது

என் பெயர் இடோஹான் அகெடோ. வயது நாற்பத்து நான்கு. கணவர் காலமாகிவிட்டார். பெனின் நகரில் சாக்பொன்பா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். ஒகேடே நினைவு மேல்நிலைப்பள்ளியில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். துணை முதல்வரின் கைபேசியை உடைத்தேன் என்றும், எகோசா இயாமு என்ற பதினைந்து வயது மாணவனைக் கடத்திச் சென்றேன் என்றும் என் மேல் பள்ளி கொடுத்துள்ள புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கைபேசியை உடைத்தது நான்தான். கடத்தல் என்ற சொல்லை ஏற்க மாட்டேன். நான் சொல்வதை ஆய்வாளர் உசென் எழுதுகிறார்.

எங்கள் பள்ளியில் 'தேள்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ரகசியக் கூட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது முதல்வருக்கும் தெரியும், இந்தக் காவல் நிலையத்துக்கும் தெரியும். பையன்களை அதில் சேரவிடாமல் தடுப்பதுதான் என் வேலை. அதற்காக நான் யாரையும் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வகுப்பு முழுவதையும் வருகைப் பதிவு வரிசைப்படி ஒவ்வொருவராக என் அறைக்கு வரச் செய்து, மேற்படிப்பு பற்றிப் பேசுவதாகச் சொல்வேன். எல்லோரும் வந்து போவதால் வாய் திறந்தவன் யார் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

அப்படித் தன் முறை வந்தபோது எகோசா உள்ளே வந்து, வேதியியல் படிக்க ஆசை என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு சொன்னான். இறுதியாண்டு மாணவர்கள் சிலர் ஒரு மாதமாக இடைவேளைதோறும் அவனுக்கு இறைச்சி பஃப்பும் மால்ட் பானமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஒரு நாள், "இத்தன நாளும் தின்னேல்ல தம்பி, இனி நீ நம்ம ஆளு. சனிக்கிழம வந்துரு," என்றார்களாம். சனிக்கிழமை என்பது கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் பின்னால் வைத்து, விழும்வரை அடித்து, சத்தியம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் நாள். வராதவனைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். "எனக்குச் சேர இஷ்டமில்ல டீச்சர். சேரலன்னா எங்க அம்மா கதி என்ன?" என்று கேட்டான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அதன் பிறகு அவன் தாய் ரோஸ்லினைப் பார்த்தேன். அவர் தையல் வேலை செய்கிறார், பையனைத் தவிர யாரும் இல்லை. சனிக்கிழமைக்கு முன்பே அவனை வெளியூரில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பி, அங்கே பள்ளியில் சேர்ப்பது என்று இருவரும் முடிவு செய்தோம். அதற்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும், அதில் முதல்வர் கையெழுத்திட வேண்டும். எனவே வியாழக்கிழமை முதல்வர் திருமதி பேஷன்ஸ் ஓமோருயியிடம் போய் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். அவர் தம் சபையில் ஊழியம் செய்பவர், பள்ளியில் எல்லோரும் அவரை மம்மி என்றே அழைக்கிறோம். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்து ஜெபித்தார். "இது உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான்மா," என்றார். சான்றிதழை வெள்ளிக்கிழமை காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் தருவதாகச் சொன்னார். நான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். ரகசியக் கூட்டங்களை ஒழிப்போம் என்று துணியில் எழுதி மேடையில் கட்டியிருந்தார்கள். இரண்டு பாடல்கள் பாடிய பிறகு முதல்வர் ஒலிபெருக்கியில், "நம்ம பிள்ளைங்கள்ல ஒருத்தன கர்த்தர் தேள் கையிலேர்ந்து பிடுங்கிக் காப்பாத்திட்டாரு. எகோசா, வாப்பா, வந்து சாட்சி சொல்லு," என்றார்.

எங்கள் ஊரில் காய்ச்சல் விட்டாலும் வேலை கிடைத்தாலும் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிடைத்த நன்மை கைவிட்டுப் போய்விடும் என்பார்கள். கூப்பிட்டபின் வராமல் இருக்க முடியாது, வரும்வரை கை தட்டுவார்கள். நானும் சபையில் சாட்சி சொன்னவள்தான். ஆனால் காய்ச்சல் திரும்ப வந்து கத்தியைக் காட்டாது. இந்த வித்தியாசம் பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிந்தது, முதல்வருக்குத் தெரியவில்லை.

எகோசா மேடைக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேண்டாம் என்று ஆய்வாளரிடம் சொன்னேன், எழுதவும் முடியாது. மேடையில் அவன், "எனக்கு ஒண்ணும் தெரியாது மம்மி," என்றான். முதல்வர், "பிசாசு நாக்கக் கட்டி வச்சிருக்கான். பயப்படாத மகனே, உன்னக் கூப்பிட்டவங்க பேர மட்டும் சொல்லு," என்றார். போதகர் அவன் தலையில் கை வைத்து அழுத்தினார். அவன் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்ட இறுதியாண்டுப் பையன்கள் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். அந்த மைதானத்தில் அதிகமாகக் கை தட்டியவர்கள் அவர்கள்தான். ஒருவன் "ஆமென்" என்றான். துணை முதல்வர் இதையெல்லாம் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் மேடை ஏறி ஒலிவாங்கியைப் பிடுங்கினேன், துணை முதல்வரின் கைபேசியையும் பிடுங்கிச் சிமெண்டுத் தரையில் அடித்தேன். ஆய்வாளர் இந்த இடத்தில் "கைகலப்பில் கீழே விழுந்தது" என்று என் நன்மைக்காக எழுதினார். அந்த வரியை அடித்துத் திருத்தச் சொன்னேன். விழவில்லை, அடித்தேன். என்ன பயன், படம் அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு எகோசாவின் கையைப் பிடித்து என் காரில் ஏற்றினேன். பள்ளி வாசலில் எங்கள் மாணவர்கள் அல்லாத இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் காத்திருந்தார்கள், அவர்கள் கையிலும் கைபேசி இருந்தது. வழியில் ரோஸ்லினையும் ஏற்றிக்கொண்டேன். பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நடந்த பயணத்துக்குக் கடத்தல் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரைப் பார்க்க எனக்கு ஆசை. காரில் எகோசா, "நீங்கதான் சொன்னீங்களா டீச்சர்?" என்று கேட்டான். "ஒருத்தர்கிட்ட சொன்னேன்," என்றேன். இருவரையும் ஓர் இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலையே ரோஸ்லின் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். ஆள் இல்லாததால் தையல் இயந்திரத்தைத் தெருவில் போட்டுக் கல்லால் அடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இந்த நிலையத்துக்குத் தொலைபேசி செய்தபோது வண்டிக்கு எரிபொருள் இல்லை என்று பதில் வந்தது. மறுநாள் காலை, உடைந்த ஒரு கைபேசிக்காக என்னை அழைத்துவர வண்டி வந்தது. அதில் எரிபொருள் இருந்தது. இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன், ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு எழுதினார்.

நிலையத்தின் பெஞ்சில் முதல்வர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "கோவத்த விடு இடோஹான். பையன திங்கக்கிழம கூட்டிட்டு வந்துரு, புகார நான் வாபஸ் வாங்கிக்கிறேன். கல்வித் துறையிலேர்ந்து பெரியவங்க வர்றாங்க. அவங்க முன்னாடி இன்னொரு தடவ சொல்லட்டும்," என்றார். "மம்மி, அவங்க வீட்ட உடைச்சிட்டாங்க," என்றேன். "அதனாலதான்மா, சாட்சிய முழுசாச் சொல்லல பாரு," என்றார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் நான் அவரிடம் போயிருக்கவே மாட்டேன்.

மாணவனையும் தாயையும் எங்கே விட்டேன் என்று ஆய்வாளர் கேட்டார். இந்தத் தாளை யார் யார் படிப்பார்கள் என்று நான் கேட்டேன். ஒன்று கோப்பில் இருக்கும், ஒரு நகல் புகார் கொடுத்த பள்ளிக்குப் போகும் என்றார். அப்படியானால் சொல்ல முடியாது என்றேன். "அட்ரஸ் சொன்னா இப்பவே ஜாமீன்ல போகலாம் மேடம். இல்லன்னா உள்ளதான் இருக்கணும், எனக்கும் வேற வழியில்ல," என்றார். போர்வை கிடைக்குமா என்று கேட்டேன்.

மேலே உள்ளதெல்லாம் என் வாயால் சொன்னது, யாரும் மிரட்டிச் சொல்ல வைத்ததல்ல. திரும்ப வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புகிறேன். ஒரு விவரத்தை மட்டும் தெரிந்தே சொல்லாமல் விட்டிருக்கிறேன். நாளை கேட்டாலும், அடுத்த வாரம் கேட்டாலும் அதைச் சொல்ல மாட்டேன்.

(ஒப்பம்) இடோஹான் அகெடோ