நாப்பத்தொண்ணாவது ஆள்

எனக்குச் சீனி கம்மியாச் சொல்லுங்கண்ணே. போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல நூத்தி எண்பதுன்னு காட்டுச்சு. அதுலருந்து என் சம்சாரம் ஆனிமேரி வீட்டுல கருப்பட்டியைக்கூட ஒளிச்சு வச்சிட்டா. வடை வேணாம். நீங்க எழுத ஆரம்பிங்க, நான் மெதுவாவே சொல்றேன்.

பேரு ஞானசீலன். வயசு ஐம்பத்து மூணு. மிஷன் ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க். நம்ம கூடைப்பந்து லீக்குக்குப் பதினாலு வருஷமா ஸ்கோர் எழுதுறேன். பந்தைத் தொட்டு ஆடுனதில்லை, முட்டி ஒத்துழைக்கலை. ஆனா ஆட்டம் தெரியும். சங்கச் செயலாளர் உக்கிரபாண்டி அண்ணேன்னு நாலு பேரு உங்களை மதிக்கிறாங்கன்னா, என்னையும் ஒரு நாலு பேரு மதிச்சாங்க. அதுக்குக் காரணம் என் பட்டியல்.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் எழுதிக்கங்க. ஏப்ரல் கடைசியில, லீக் தொடங்க முந்தி, எட்டு டீம்லருந்தும் நாப்பத்தஞ்சு பேரை எடுத்து வரிசை போடுவேன். கே.கே. நகர் கோர்ட்டுக்கு எதிர்ல டீக்கடைச் சுவத்துல ஒட்டுவேன், வாட்ஸ்அப் குரூப்லயும் போடுவேன். ஒட்டியாச்சுன்னா சீசன் முடியிற வரைக்கும் ஒரு எழுத்து மாத்துறதில்லை. நானா வச்ச சட்டம்தான், ஆனா ஊரே ஒத்துக்கிட்டது.

ஏதோ விளையாட்டுக்குப் போடுறான்னு வெளியாளு நினைப்பான். கோச்சுக எல்லாம் அதைப் பார்த்துத்தான் யாரை முதல்ல இறக்குறது, யாரை பெஞ்சுல உக்கார வைக்கிறதுன்னு முடிவு பண்ணுவாங்க. முதல் அஞ்சுல வந்தவனுக்கு ஷூ வாங்கித் தர ஆள் இருக்கும். நாப்பதுக்குக் கீழே வந்தவன் வீட்டுல, படிக்கிற வேலையைப் பாருடான்னுருவாங்க. ஒரு தடவை மாப்பிள்ளை பார்க்க வந்த பொண்ணு வீட்டுக்காரங்க, பையன் எத்தனாவதுன்னு கேட்டிருக்காங்க. பதினேழுன்னதும் எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். அதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

இந்த வருஷம் அசோக்குமாரை ஒண்ணாவதாப் போட்டேன். கே.கே. நகர் டீம், ஆறடி மூணு. அதை யாரும் மறுக்கலை. இரண்டாவது யாரு, மூணாவது யாருன்னு மூணு நாள் டீக்கடையில அடிபிடி. ஒருத்தன் ரெண்டு உயரமான ஆளு இருந்தாத்தான் டீம் கரையேறும்னான். இன்னொருத்தன் பந்தைக் கொண்டுவர ஆளில்லாம உயரத்தை வச்சுப் பரண்ல சாமான் எடுக்கவான்னு கேட்டான். டீ ஆறிப்போகும், ஒருத்தனும் குடிக்கமாட்டான். அந்த மூணு நாள்தாண்ணே எனக்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம்.

நாலாவது நாள் பெனடிக்ட் வந்தான். என்கூட ஒண்ணாப் படிச்சவன், ஆனையூர்ல வீடு, அலங்காநல்லூர் டீமுக்குக் கோச். "மாப்ள, எங்க சுருளியை நாப்பத்தொண்ணுல போட்டிருக்கியே, அவன் ஆட்டத்தைப் பார்த்தியா?"ன்னான்.

பார்த்தேன்னு சொன்னேன்.

உண்மை என்னன்னா, பார்க்கத்தான் கிளம்புனேன். பஸ்ல நிக்க இடமில்லை, வெயிலு மண்டையைப் பிளந்துச்சு. பாதி வழியில இறங்கி ஒரு கறிதோசை சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அலங்காநல்லூர்க்காரன், பேரு சுருளி, காய்கறி ஏத்துற குட்டியானை வண்டி ஓட்டுறவன். மாடு பிடிப்பான், பந்து பிடிப்பானான்னு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பதினாலு வருஷ அனுபவத்துல இதெல்லாம் ஒரு கணிப்புத்தான்.

முதல் மேட்ச்சுல அந்தச் சுருளி அசோக்குமார் டீமுக்கு எதிரா முப்பத்தோரு பாயிண்ட் போட்டான். எழுதுனதே நான்தான்.

அதுக்கப்புறம் நடந்ததை நீங்களே ரசிச்சீங்க, குரூப்ல சிரிக்கிற பொம்மை போட்டது உங்க நம்பரும்தான். சுருளி படத்துக்குக் கீழே நாப்பத்தொண்ணுன்னு எழுதிப் பரப்புனாங்க. டீக்கடைக்குள்ள நுழைஞ்சா மாஸ்டர், "நாப்பத்தொண்ணுக்கு ஒரு டீ"ன்னு சத்தம் குடுப்பார். என்னைத்தான் சொல்றார். ஸ்கூல்ல பியூன்கூட அந்த நம்பரைச் சொல்லிச் சிரிச்சான். எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சுண்ணே. சோறு இறங்கலை.

பெனடிக்ட் நல்லவன். "பட்டியலைத் திருத்திரு மாப்ள, ஒருத்தனும் ஒண்ணும் நினைக்கமாட்டான்"னான். நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். ஒரு தடவை திருத்திட்டா பழைய பட்டியல் எல்லாத்தையும் எவன் நம்புவான்? பட்டியலும் ஆளும் ஒத்துவரலைன்னா ரெண்டுல ஒண்ணைத் திருத்தணும். பட்டியல்ல நாப்பத்தஞ்சு பேரு இருக்காங்க. சுருளி ஒத்தை ஆளு. எது நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

நான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு வீம்புக்கு நிக்கிறவன் நான் இல்லை. நாலாவது காலை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு நினைச்சேன், அம்புட்டுத்தான்.

காலை எடுத்தேன்னா அடிச்சேன்னு எழுதிறாதீங்க. அவன் மேல என் விரல்கூடப் படலை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல லோடை இறக்கிட்டு விடியக்காலம் கே.கே. நகர் கோர்ட்டுக்கு வந்து தனியாக் கோட்டுல நின்னு ஃப்ரீத்ரோ போட்டுப் பழகுவான். பத்துக்கு ஒன்பது விழும். எல்லாரும் பந்தை மூணு தடவை தரையில தட்டி, மூச்சை இழுத்து, அப்புறம் போடுவாங்க. இவன் வாங்குன வேகத்துல, கீரைக்கட்டைத் தூக்கி வண்டியில எறியிற மாதிரிப் போட்டுட்டு அடுத்த பந்துக்குப் போயிருவான். யோசிக்கவே மாட்டான். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

முதல் நாள் பக்கத்துல போய், "தம்பி, அருமையாப் போடுற. ஒரே ஒரு சந்தேகம். பந்தை விடும்போது மூச்சை இழுப்பியா, விடுவியா?"ன்னு கேட்டேன். நின்னு யோசிச்சான். தெரியலையேண்ணேன்னான். "கவனிச்சுப் பாரு"ன்னுட்டு வந்துட்டேன். அன்னைக்குப் பத்துக்கு எட்டு.

தினம் ஒரு கேள்விதான், மருந்து மாதிரி. முழங்கை உள்ளாற இருக்கா, வெளியே போகுதா. எந்தக் கால்ல முதல்ல பாரம் இறங்குது. கண்ணு ரிங்கோட முன்பக்கம் பார்க்குதா, பின்பக்கமா. ரெண்டு வாரத்துல ஆறுக்கு வந்துட்டான். கடைசியா ஒண்ணு கேட்டேன் பாருங்க, அதுதான் வேலை செஞ்சுச்சு: "பந்து வலது கையிலருந்து போகுது சரி, அந்த நேரம் உன் இடது கட்டைவிரல் என்ன செய்யுது?" மறுநாள் பத்துக்கு மூணு. எல்லாத்தையும் நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சேன். எழுதாம இருக்க எனக்குத் தெரியாது.

அவன் சந்தேகப்படலைண்ணே. "இம்புட்டு நாளா யாரும் எனக்கு இப்படி உக்காந்து சொல்லித் தந்ததில்லை"ன்னான். ஒரு நாள் வீடு தேடி வந்து ஒரு பை நிறையக் கத்திரிக்காய் குடுத்துட்டுப் போனான். ஃபைனலுக்கு ஒரு அரசுத்துறை டீம்லருந்து வேலைக்கு ஆள் எடுக்க வாராங்க, ஒரே இடம்தான், கிடைச்சா வண்டியை வித்துருவேன், இருபத்து மூணு வயசுலயே மூட்டை தூக்கி முதுகு போச்சுண்ணேன்னு சொன்னான். அன்னைக்கு ராத்திரி ஆனிமேரி எண்ணெய்க் கத்திரிக்காய் வச்சா. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஃபைனல்ல மறுபடியும் கே.கே. நகரும் அலங்காநல்லூரும். ஃப்ரீத்ரோ போச்சே ஒழிய சுருளி ஓட்டத்தை என்னால ஒண்ணும் செய்யமுடியலை. அவன்தான் டீமை இழுத்துட்டு வந்தான். கடைசி நாலு செகண்ட், அலங்காநல்லூர் ஒரு பாயிண்ட் பின்னாடி. அசோக்குமார் அவனைத் தள்ளிவிட்டான், ரெண்டு ஃப்ரீத்ரோ. ஒண்ணு விழுந்தா சமம், ரெண்டு விழுந்தா ஜெயம். ஆள் எடுக்க வந்தவரு நாற்காலி நுனிக்கு வந்துட்டார்.

சுருளி பந்தை வாங்குனதும் எதையும் யோசிக்கலை. பழைய சுருளி மாதிரி கையைத் தூக்கிட்டான். எனக்குப் பக்குன்னு ஆயிப்போச்சு. நல்லவேளை, ரெஃப்ரி விசில் அடிச்சு, வரிசையில நின்ன ஒருத்தனைத் தள்ளி நிக்கச் சொன்னார். அந்த இடைவெளியில சுருளி ஸ்கோர் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் வேற ஒண்ணும் செய்யலை. என் இடது கட்டைவிரலை லேசா அசைச்சுக் காட்டுனேன்.

அவன் சிரிச்சான். ஞாபகப்படுத்துனதுக்கு நன்றின்னு தலையை ஆட்டுனான்.

முதல் பந்து ரிங்கைக்கூடத் தொடலை. இரண்டாவது பலகைக்கு மேல போயி, பின்னாடி நின்ன சைக்கிள்ல விழுந்துச்சு. அதையும் நான்தான் எழுதுனேன், ரெண்டுக்குப் பூஜ்யம். வேலை அசோக்குமாருக்குப் போச்சு. சுருளி தலையைக் குனிஞ்சுட்டே வந்து, "மன்னிச்சுக்கங்கண்ணே, நீங்க சொல்லித்தந்ததை ஒழுங்கா வாங்கிக்கத் தெரியலை"ன்னான். பரவாயில்லை தம்பின்னு சொல்லி அனுப்புனேன். அதுக்கப்புறம் அவன் கோர்ட்டுக்கு வரலை. ரிங்கைப் பார்த்தாலே கை நடுங்குதுன்னு பெனடிக்ட்டுக்கிட்ட அழுதானாம்.

நோட்டை ஆனிமேரி உங்ககிட்ட கொண்டுவந்து குடுத்ததுல எனக்குக் கோவம் இல்லை. அவ கணக்கு டீச்சர். ஒன்பதுலருந்து மூணுக்கு ஒரே சீரா இறங்குறதைப் பார்த்ததும் இது தானா நடந்ததில்லைன்னு கண்டுபிடிச்சுட்டா. இப்ப என்கூடப் பேசுறதில்லை. சோறு மட்டும் போடுறா.

ஆமா, செஞ்சேன். வேணும்னுதான் செஞ்சேன். என்னைச் சங்கத்தைவிட்டு நீக்குறதுன்னா நீக்கிக்கங்க. அந்தப் பையனோட வேலை போனது என்னாலதான், அதையும் எழுதிக்கங்க. இப்படிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்.

அடியில ஒரே ஒரு வரி சேர்த்துக்கங்கண்ணே. சீசன் முடிஞ்சப்புறம் நாப்பத்தஞ்சு பேரு ஃப்ரீத்ரோ கணக்கையும் உக்காந்து கூட்டிப் பார்த்தேன். சுருளி சரியா நாப்பத்தொண்ணாவது. நான் ஏப்ரல்லயே சொன்னேன், நீங்கதான் எல்லாரும் சிரிச்சீங்க.