கேட்டதுக்கு மேல நாலு வரி

— ரேடியோன்னு கூப்பிட்டா இப்பவும் சட்டுனு திரும்புறியேம்மா.

— நீங்க வெச்ச பேருதானே அண்ணே. இந்த ஆபீஸ்ல என் நெசப் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது.

— பின்ன? லிஃப்ட் குழிக்குள்ள நான், கை ரெண்டும் கிரீஸு. இந்த மேசையில நீ, தலகாணி தண்டிக்கு ரிப்பேர் புத்தகம். நான் போன்ல கேப்பேன், நீ படிப்பே.

— எடுத்ததும் தலைப்ப மட்டும் வரிசையா படிப்பேன். ‘நிறுத்து, அதான்’னு நீங்க சொன்னா, அந்தப் பகுதிய மட்டும் படிப்பேன்.

— பாதி எனக்கு மனப்பாடம். இருந்தாலும் கேப்பேன். அந்த இருட்டுல மனுசக் குரல் ஒண்ணு வேணும்ல.

— தெரியுமே. கதவுப் பூட்டுக்கு எண்ணெய் போடுறத வாரம் தவறாம கேக்குற மெக்கானிக் உலகத்துல உண்டா?

— கண்டுபிடிச்சிட்டியா நீ. சரி, எதுக்கும்மா வரச் சொன்னே?

— இப்பல்லாம் மெக்கானிக் காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டா ஏஐ ஏஜென்ட் பதில் சொல்லும். ஆனா முழுப் புத்தகத்தையும் அது தலையில கொட்டினா குழப்பிக்குது. பழைய மாடலுக்கு உள்ளத புது மாடலுக்குச் சொல்லுது. அதனால ஒரு கருவி எழுதியிருக்கேன். தலைப்புகள மட்டும் முதல்ல ஏஜென்டுக்குக் காட்டும். அது எதைக் கேக்குதோ, அந்தப் பகுதிய மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

— அட, அது நீதானேம்மா.

— நானேதான். புத்தகத்த மூடி வெச்சிட்டு கம்ப்யூட்டர் படிச்சு, கடைசியில என்னையே எழுதி வெச்சிருக்கேன். கேட்டுப் பாருங்க. அந்த மைக்குல பேசுங்க.

— கேளுப்பா. கேபின் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது, உள்ள ஒரு ஆளு. பிரேக்க கையால விடுறது எப்படி?

— மெயின் சுவிட்சை அணைக்கவும். பிரேக் நெம்புகோலை மெதுவாக, விட்டு விட்டு அழுத்தவும்.

— நிறுத்தச் சொல்லும்மா.

— ஏன், ஏஜென்ட் தப்பா சொல்லுதா?

— ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனா அதுக்கு மேல இருந்தது எங்க? அத்தியாயம் ஆரம்பிக்கிற இடத்துல, கட்டம் கட்டி நாலு வரி. ஆஸ்பத்திரி லிஃப்ட மறந்துட்டியா?

— நர்ஸு மாட்டிக்கிட்ட அன்னைக்கா?

— அன்னைக்குத்தான். நான் கேபின் கூரை மேல நிக்கிறேன். கூட்டாளி மெஷின் ரூம்ல பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு காத்திருக்கான். உள்ள அந்தப் பொண்ணு ஓன்னு அழுவுது. ‘பிரேக் பகுதிய மட்டும் படி’ன்னு உங்கிட்ட கத்துறேன். நீ என்னடான்னா எங்கயோ மேலேர்ந்து ஆரம்பிக்கிறே.

— என்னா திட்டு திட்டுனீங்க.

— திட்டினேன். நீ காதுல வாங்காம படிச்சே. உள்ள ஆளு கம்மின்னா கயித்தோட அந்தப் பக்கம் தொங்குற எடைதான் ஜாஸ்தி, பிரேக்க விட்டா கேபின் கீழ வராது, மேல ஏறும், கூரையில யாரும் நிக்கக் கூடாதுன்னு.

— அப்புறம் போன்ல சத்தமே இல்ல. எனக்கு உயிரே போயிருச்சு.

— எறங்கிக்கிட்டிருந்தேன்ம்மா. நான் எறங்கினதும் அவன் பிரேக்க விட்டான். கேபின் மேல போய் நின்னப்போ, நான் நின்ன கூரைக்கும் உச்சித் தளத்துக்கும் நடுவுல ஒரு சாண் கூட மிச்சமில்ல.

— நான் ஒண்ணும் யோசிச்சு செய்யல அண்ணே. பக்கத்தப் புரட்டுறப்போ கட்டம் கண்ணுல பட்டுச்சு, படிச்சேன்.

— அதைத்தான் சொல்றேன். உனக்குக் கண்ணுல பட்டுச்சு. இதுக்கு எப்படிப் படும்? கத்தரிச்ச துண்டுதானே கைக்கு வருது.

— ஆமா அண்ணே. நான் அதை யோசிக்கல. எந்தப் பகுதியக் கேட்டாலும், அதுக்கு மேல உள்ள எச்சரிக்கையும் சேந்து வரணும். இந்த டீயக் குடிங்க. ஆறுறதுக்குள்ள மாத்திடுறேன்.

— அவசரப்படாத. நான் உக்காந்திருக்கேன்.

— ஆச்சு. இப்பக் கேளுங்க.

— உள்ள ஒரு ஆளு மாட்டியிருக்கு. பிரேக்க எப்படி விடுறது? அதை மட்டும் சொல்லு, சீக்கிரம்.

— முதலில் எச்சரிக்கை. உள்ளே ஆள் குறைவாக இருந்தால், கேபின் மேலே ஏறும்.

— அதெல்லாம் வேணாம், பிரேக்க மட்டும் சொல்லுடா முட்டாள்.

— கேபின் கூரையில் யாரும் நிற்கக் கூடாது. நீங்கள் இறங்கிவிட்டீர்களா?

— பலே. திட்டினாலும் விட மாட்டேங்குது. அசல் நீயேதான். இன்னொரு தரம் கேக்கட்டுமா?

— எத்தனை தரம் வேணும்னாலும் கேளுங்க. இவ்வளவு அக்கறையா இதை யாருமே சோதிக்கல. திங்கக்கிழமை இதை மாட்டிக்கிட்டு முதல்ல குழிக்குள்ள எறங்கப்போறது ஒரு புதுப் பொண்ணு. சரியான வாயாடி. அவங்கப்பா இந்த வேலைக்கு விடவே மாட்டேன்னு பிடிவாதமா நின்னாராம். வேலையில சேந்ததுலேர்ந்து வீட்டுல பேச்சுவார்த்தையே இல்லையாம்.

— நான் வந்துட்டுப் போனத அவகிட்ட சொல்லிடாதம்மா. விட மாட்டேன்னு நின்ன அப்பன் நான்தான்.