செண்பகவல்லி குட்டையின் முறை

...சரி, ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. முழுசாப் புரிஞ்சவங்க எனக்கும் சொல்லுங்க... ஏன்னா நானும் ரொம்ப நாளா மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

கடலோரத்துல ஒரு இறால் பண்ணை. அண்ணன், தம்பி, தங்கச்சி... ஆளுக்கு ஒரு குட்டை. மூத்தவர் வைத்தியலிங்கம். நடுவுல தட்சிணாமூர்த்தி. கடைசி செண்பகவல்லி. புருஷன் போனப்புறம், "உன்னால ஆகாது"ன்னு ஊரே சொல்ல, "வளர்த்துக் காட்டுறேன்"னு அந்தப் பொண்ணு தன் குட்டையில விட்ட முதல் இறால் அது. செத்துச்சுன்னா குட்டைய அண்ணன்கிட்ட குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடணும். அதான் பேச்சு.

குட்டைக்கு ஒரு பெட்டி மாட்டுனாங்க. தண்ணில காத்து எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு அளந்து, கம்பி இல்லாமலே அண்ணன் போனுக்குச் சேதி அனுப்பும். ஆனா பேட்டரிப் பெட்டி! எந்நேரமும் முழிச்சிருந்தா தாங்குமா? அதனால மூணும் ஒண்ணாத் தூங்கும்... ஒண்ணா முழிக்கும்... கொஞ்ச நேரம் பேசும்... திரும்பத் தூங்கிடும். ஒண்ணு பேசுறப்ப மத்தது பேசக் கூடாது. இது வரைக்கும் எனக்கே புரிஞ்சுது!

மாட்ட வந்தவர் கேட்டாரு, "ஐயா, எந்தப் பெட்டி முதல்ல பேசணும்?"

வைத்தியலிங்கம் மீசையத் தடவுனாரு. "என்னய்யா கேள்வி இது? கோயில்ல பரிவட்டம் முதல்ல யாருக்குக் கட்டுறாங்க? என் பெட்டிதான் முதல்ல. அப்புறம் தம்பி. அப்புறம் பாப்பா."

"அவசரம்னா ஐயா?"

"அவசரத்துக்கும் ஒரு முறை இருக்குய்யா!"

அப்படியே வச்சுட்டுப் போயிட்டாரு. அது மட்டுமா? அண்ணன் பெட்டி எல்லாத்தையும் சொல்லணுமாம். உப்பு, சூடு, தண்ணி மட்டம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு... எல்லாம்!

ஒரு நாள் சொந்தக்காரங்க வீட்டுல காதுகுத்து. மூணு பேரும் பந்தியில. வானம் மூடிக்கிட்டு வருது. அண்ணன் போன்ல... டிங்! "முதல் குட்டை. உப்பு சரி. சூடு சரி."

"அண்ணே, என் குட்டை என்ன சொல்லுது?"

"உன் முறை வரட்டும்மா. பாயசம் வாங்கிக்க."

பெட்டிங்க தூங்கிடுச்சு. திரும்ப முழிச்சுது. டிங்! "முதல் குட்டை. காத்து மேக்கால அடிக்குது." தம்பி பெட்டி ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள நேரம் முடிஞ்சு எல்லாம் திரும்பத் தூங்கிடுச்சு.

"அண்ணே, பயமா இருக்குண்ணே. வெயில் இல்லன்னா தண்ணில காத்து குறையுமே..."

"குறைஞ்சா பெட்டி சொல்லாதா? சொல்லலல்ல? அப்ப நல்லா இருக்குன்னு அர்த்தம்!"

பாருங்க, இங்கதான் எனக்குத் தலை சுத்துது. சொல்லலன்னா... நல்லா இருக்குன்னு அர்த்தமா? இல்ல... சொல்ல விடலன்னு அர்த்தமா?

செண்பகவல்லி இலைய அப்படியே போட்டுட்டு ஓடுனா. போய்ப் பாத்தா, இறால் எல்லாம் மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது. தண்ணிய அடிச்சுக் காத்து ஏத்துற மெஷினைப் போட்டா. அதுக்குள்ள பாதி செத்து ஒதுங்கிடுச்சு. அப்பதான் பந்தியில, டிங்! "மூணாவது குட்டை. காத்து குறைவு. அவசரம்."

வைத்தியலிங்கம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வர்றாரு. "பாப்பா! பாப்பா! அவசரமாம்!"

இடுப்பளவு தண்ணில நிக்கிறா அவ. கையில செத்த இறால். "எப்பண்ணே அவசரம்?"

அவ்வளவுதான் கேட்டா. மனுஷன் கரையிலயே உக்காந்து அழுதுட்டாரு. அப்புறம் பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, "மூச்சு முட்டுறது எதுவோ அது முதல்ல பேசட்டும்யா. என்னுது கடைசியில வந்தாப் போதும்"னாரு. "மிச்ச இறாலை நீயே வளர்த்துக்கம்மா, குட்டை உன்னுதுதான்"னு தங்கச்சிகிட்டயும் சொன்னாரு.

இத எதுக்குச் சொல்றேன்? பேசுறதுக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம். அத மூத்தவன், பெரியவன், பதவியில இருக்கிறவன்னு பங்கு போட்டுட்டா, மூச்சு முட்டுறவன் எப்பய்யா பேசுவான்? உங்க வீட்டுலயும் கடைசியா ஒருத்தர் காத்துக்கிட்டு இருப்பாங்க. சத்தம் வரலன்னா சௌக்கியம்னு நெனச்சுடாதீங்க!

ஏன், இங்கயே பாருங்க. காலையிலருந்து பொன்னாடை... பொன்னாடை... இன்னும் பொன்னாடை. அந்தக் கடைசி வரிசையில பச்சைப் புடவை கட்டுன அம்மா, நான் மைக்கப் புடிச்சதுலருந்து கையத் தூக்கிக்கிட்டே இருக்காங்க. உக்காரு உக்காருன்னு அமுக்குறீங்க. என்ன தலைவரே? நன்றியுரை முடிஞ்சப்புறம் அவங்களக் கேக்கலாமா? அது வரைக்கும் அவங்க ஏன் காத்துக்கிட்டு இருக்கணும்? நீங்க சொல்லுங்கம்மா. சத்தமா!

என்னது? பந்தலுக்குப் பின்னாடி... ஜெனரேட்டர்லருந்து புகையா?

ஐயோ... அம்மா, இதையா இவ்வளவு நேரம்... சரி சரி, தப்பு எங்களுதுதான்! யாரும் ஓடாதீங்க. ஜெனரேட்டரை நிறுத்துங்கப்பா! புள்ளைங்க முதல்ல. வயசானவங்களக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. தலைவரே... பொன்னாடையக் கீழ வைங்க. நீங்களும் நானும் கடைசி!