திருப்பிப் போடாத டைமன்

— ஜன்னல மூடு மகேசு, குளுருது.

— வத்தலக்குண்டே வந்துருச்சு, இங்க என்ன குளுரு? பேச்ச மாத்தாதீங்க. டைமன ஏன் திருப்பிப் போடலை?

— கொடைக்கானல்ல பஸ் ஏறுனதுல இருந்து இதே கேள்வி. மறந்துட்டேன்டி. மனுசன் மறக்க மாட்டானா?

— நீங்களா? போன தீவாளிக்கு ஆடுன கையையே இன்னைக்கும் சீட்டுச் சீட்டா ஒப்பிப்பீங்க. இது கடைசிக் கை. எதிர நாலு இஸ்பேடு கேட்டாங்க, இஸ்பேடுதான் துருப்பு. அவங்க பத்துப் பிடி எடுக்கணும். நாம நாலு எடுத்துட்டா கோப்பை நமக்கு.

— எனக்கே பிரிட்ஜ் சொல்லித் தர்றியா? கல்யாணம் ஆன வருசம் உனக்குச் சீட்டப் பிடிக்கவே கத்துக் குடுத்தவன் நான்.

— அதான் கேக்குறேன். ஏலத்துல ரெண்டு தடவ ஆட்டின் கேட்டவ நான். அந்த ஆட்டின விட்டுட்டு மொதச் சீட்டா டைமன் நாலை எறக்குறேன்னா என்ன அர்த்தம்? சொல்லுங்க.

— உங்கிட்ட டைமன் அது ஒண்ணுதான்னு அர்த்தம்.

— ஆங். ஆஸ் வச்சு நீங்கதான் பிடிச்சீங்க. ஒடனே இன்னொரு டைமன் போட்டிருந்தா, எங்கையிலதான் டைமன் தீந்துபோச்சே, நான் துருப்பால வெட்டிருப்பேன். அது நாலாவது பிடி. நீங்க கிளாவர் ராசாவப் போடுறீங்க! மூணோட நின்னுபோச்சு. அம்புட்டுப் பேரு முன்னாடி, "எந்த மடச்சி டைமன் எறக்குவா"ன்னு என்னையவே திட்டுறீங்க.

— கோவத்துல வந்துருச்சு.

— எதிர ஆடுன மதுரை டாக்டரம்மாவே என்னையப் பரிதாபமாப் பாத்துச்சு.

— அந்த வக்கீலும் பரிதாபப்பட்டானா?

— எந்த வக்கீலு?

— தெரியாத மாதிரி கேக்காத. நம்மூரு அன்புமணிதான். டீ குடிக்கையில ரெண்டு பேருக்கும் அப்படி என்ன சிரிப்பு?

— ஓ. அங்க சுத்தி இங்க வர்றீங்களா?

— ஏழு வருசமா என் எதுக்க உக்காந்து ஆடுறவ நீ. இப்ப நாகல் நகர் கிளப்புல நொழைஞ்சா, "மகேஸ்வரி வரலையா"ன்னுதான் கேக்குறானுக. உடையப்பன்னு ஒருத்தன் நிக்கிறது எவன் கண்ணுலயும் படல. அதையும் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு என் காதாலயே கேட்டேன். "சென்னை ஆட்டத்துக்கு ஜோடி வேணும், பத்து நாளு, நீங்கதான் சம்மதிக்கணும்"ங்கிறான். நீ பல்லக் காட்டிக்கிட்டு, "அவருகிட்ட நானே பேசிக்கிறேன்"ங்கிற.

— அதுக்கு?

— அதுக்குத்தான்! ஒத்த டைமன்னு தெரிஞ்சுதான் கிளாவர் போட்டேன். மகேஸ்வரிக்கு ஆட்டம் தெரியலன்னு எல்லாரும் சொல்லட்டும். அந்தாளு வேற ஆளப் பாத்துக்கட்டும். போதுமா?

— போதும்.

— மகேசு... அழுவுறியா?

— இல்ல. அவரு சம்மதம் கேட்டது உங்களக் கூட்டிட்டுப் போறதுக்கு.

— என்னது?

— "உங்க வீட்டுக்காரர் மாதிரி தடுத்து ஆட இந்த ஜில்லாவுலயே ஆளில்ல, பத்து நாளைக்கு அனுப்பி வைப்பீங்களா"ன்னாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல, சிரிச்சேன். கடைசிக் கைய ஆசையாப் பாக்கணும்னு உங்க நாற்காலிக்குப் பின்னாடிதான் நின்னாரு.

— எம்பின்னாடியா? அப்ப என் கையில டைமன் இருந்தத...

— பாத்தாரு. என்னைய மடச்சின்னதையும் கேட்டாரு. கார்ல ஏறுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து, "அப்ப நீங்க வாரீங்களாம்மா"ன்னாரு.

— நீ... நீ என்ன சொன்ன?

— "கை தவறி விழுந்த சீட்டா, தெரிஞ்சே போட்டதான்னு அவரு வாயால கேட்டுட்டுச் சொல்றேன்"னேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல செத்த நேரம் நில்லுங்க. பூத்துல இருந்து வக்கீலுக்கு ஒரு போனப் போட்டு, "வாரேன்"னு சொல்லிர்றேன்.