இந்த வாரம் எது காலி?

— அத்தானுக்குச் சொல்றல்ல? அதையே எனக்கும் சொல்லு. அவ்வளவுதானே கேட்டேன்.

— அக்கா, மெதுவாப் பேசு. பக்கத்துல சூப்பர்வைசர் நிக்கிறாரு.

— போன்ல நான் பேசுறது உன் காதுக்குத்தானடா கேக்கும்.

— எனக்கே பயமா இருக்குல்ல. இரு, வண்டிக்குப் பின்னாடி போயிடுறேன். ம், சொல்லு.

— நீதான் சொல்லணும். இந்த வாரம் எந்தப் பெட்டி காலி?

— உனக்கு எதுக்குக்கா? உனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது.

— ஓட்டத் தெரியாதவ தெரிஞ்சுக்கக் கூடாதா?

— யாருமே தெரிஞ்சுக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ரோட்டோரத்துல ஊருக்கு மொத்தம் பத்துப் பெட்டி. வேகத்தைப் பிடிக்கிற கேமரா ரெண்டே ரெண்டுதான். திங்கக்கிழமையானா நானும் சூப்பர்வைசரும் அதைக் கழட்டி வேற ரெண்டு பெட்டியில மாட்டுவோம். எதுல இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஆபீசருக்கும்தான் தெரியும்.

— அப்புறம் உங்க அத்தானுக்கும்.

— அத்தானுக்கும்.

— மத்த எட்டுல என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. ஒண்ணுல குருவி கூடு கட்டியிருக்கு. ஆபீசர் கலைக்க வேணாம்னுட்டாரு.

— ஆக, குருவிக்குப் பயந்துதான் ஊரே மெதுவாப் போகுது.

— போகுதே! விபத்து பாதியாக் குறைஞ்சிருச்சுன்னு ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. தெரியாதவங்களுக்கு எல்லாப் பெட்டியும் கேமராதான்க்கா.

— தெரிஞ்சவங்களுக்கு?

— வெறும் தகரம்.

— நல்லாத்தான் இருக்கு.

— என்ன நல்லாருக்கு? அத்தான் ஏற்கெனவே ரெண்டு தடவ மாட்டிக்கிட்டாரு. மூணாவது தடவ மாட்டினா லைசென்ஸே போயிடும். லைசென்ஸ் போனா பார்சல் வேலையும் போச்சு. நீ, அத்தான், பாப்பா மூணு பேரும் என்ன பண்ணுவீங்க? நீ அழுததைப் பாத்துத்தானே நான் சொல்லவே ஆரம்பிச்சேன்.

— அழுதேன். அவரை மெதுவா ஓட்டச் சொல்லுன்னு அழுதேன்.

— அப்படியா அழுத? எனக்கு அந்த மாதிரி கேக்கலையே.

— விடு. இப்ப எது காலி?

— இரு. அத்தான் வேற யார்கிட்டயும் சொல்லலையே?

— ஒருத்தர்கிட்டதான் சொன்னாரு.

— அப்பாடா.

— அந்த ஒருத்தரு அதைப் பார்சல் வண்டிக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டுட்டாரு.

— அக்கா!

— கத்தாத. சூப்பர்வைசர் நிக்கிறாரு.

— குரூப்புல எத்தனை பேரு?

— அறுபத்தெட்டு. உன் பேரு எல்லாம் போடல. 'நம்ம மச்சான் சொன்னது'ன்னுதான் போட்டிருக்கு.

— மச்சான்னு போட்டா கண்டுபிடிக்க மாட்டாங்களா?

— அறுபத்தெட்டு பேருக்கும் மச்சான் இருக்கான்டா.

— அடுத்த மாசம் இந்த நாட்டு வேலை அனுமதியப் புதுப்பிக்கணும். எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்த ஆளு, பொண்டாட்டிகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டான். மறுநாளே மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிட்டாங்க. அந்தம்மாவுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது.

— நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்? எட்டு மாசம் என் வீட்டு ஹால்ல படுத்துக் கிடந்தியே, ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பேனா?

— குறட்டை விட்டேன்னு தலகாணியால அடிச்ச.

— அது பாசம். சொல்லு.

— எங்கயும் எழுதி வைக்க மாட்டியே?

— மாட்டேன்.

— குரூப்புல போட மாட்டியே?

— என்னை எந்தக் குரூப்புலயும் சேர்க்கல. சொல்லித் தொலை.

— கோர்ட்டு முன்னாடி ஒண்ணு இருக்கு, பெரிய பாலத்துல ஒண்ணு இருக்கு. மத்தது எட்டும் காலி.

— ஸ்கூல் வாசல்ல?

— போன வாரம் பூரா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில முதல் வேலையா அதைத்தான் கழட்டினோம்.

— உங்க அத்தானுக்குச் சொல்லிட்டியா?

— ஏழு மணிக்கே சொல்லிட்டேன். மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு. அந்த ரோட்டுலதான் அவருக்கு ஒரு நாளைக்கு ஆறு நடையாம்.

— ஆறு நடையா!

— எல்லாம் உனக்காகத்தான்க்கா பண்றேன்.

— தெரியும்டா. சரி, வச்சிடுறேன். மணியாச்சு. பாப்பாவ ஸ்கூல் பின் கேட் வழியா விட்டுட்டு வரணும்.

— அது ஒரு மைல் சுத்தாச்சே! முன் கேட்டைப் பூட்டிட்டாங்களா?

— திறந்துதான் இருக்கு. பெட்டி காலின்னு தெரிஞ்சா, அந்த ரோட்டுல அவ அப்பா எப்படி ஓட்டுவாருன்னு எனக்குத் தெரியும்.